முற்றத்துச் சிறுவிடை



விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்தில் நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன்னர், சேவற்போரில் ஊரின் மானத்தைக் காத்து உயிர்விட்ட ஒரு சேவலுக்காக எடுக்கப்பட்ட கல் அது. சேவலின் உருவமும், அது எந்தச் சேரியின் சார்பில் நின்று பொருதது என்னும் செய்தியும் அதில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்தளூரிலும் இத்தகைய கல் உண்டு. தெய்வத்தின் கொடியில் ஏறியது சேவல். பந்தயக்காரர்களின் மடியில் அமர்ந்து முந்திரியும் பாதாமும் தின்பது சேவல். திரைப்படத்தில் தோன்றிப் பெயர் பெற்றதும் சேவலே. பெட்டைக்கோழிக்குக் கல் எடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆகையால், சேவலைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள் என்னும் தைரியத்தில், நான் இன்று மாலை புழக்கடையில் மேய்கிற பெட்டையைப் பற்றி, அதிலும் சிறுவிடை என்று நாம் சொல்லும் சிறிய நாட்டுக்கோழியைப் பற்றி, எனக்குத் தோன்றியதைச் சொல்லத் துணிகிறேன்.

நம் நாட்டுக்கோழிகளைப் பெருவிடை, சிறுவிடை என்று இருவகையாகப் பிரிப்பது வழக்கம். பெருவிடை, நெடிய கால்களும் விறைத்த கழுத்தும் இறுகிய மார்பும் உடைய போர்ச்சேவலின் வம்சம். அதைக் கட்டிவைத்தே வளர்க்க வேண்டும். சேவல்களை ஒன்றன் கண்ணில் மற்றொன்று படாமல் தனித்தனியே வைக்க வேண்டும்; வளர்ந்த பெட்டைகளிலேயே சில, அயல்வீட்டுக் கோழியைக் கண்டால் மண்டையைக் கொத்திக் கிழித்துவிடும். சிறுவிடை இதற்கு முற்றிலும் மாறான சுபாவமுடையது. பெட்டை ஒரு கிலோவுக்குச் சற்று மேலும், சேவல் ஒன்றரைக் கிலோவை ஒட்டியும் இருக்கும். கால் குட்டை, உடல் கச்சிதம். நிறத்தில் மட்டும் எந்த நியமத்துக்கும் அடங்காது. ஒரே அடையில் பொரித்த, அதாவது ஒரே ஈட்டுக் குஞ்சுகளில் கறுப்பும் செவலையும் சாம்பலும் புள்ளியும் கலந்து வரும். இறகின் நிறத்தையும் கொண்டையின் முள்ளையும் எண்ணிப் பரிசளிக்கும் மேல்நாட்டுக் கண்காட்சிகளில் நம் சிறுவிடையைக் கொண்டுபோய் நிறுத்தினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் அதற்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயம்.

வம்சத்தைப் பற்றிப் பேசுமிடத்து ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. உலகத்து வீட்டுக்கோழிகள் அனைத்துக்கும் செந்நிறக் காட்டுக்கோழி ஒன்றே மூலம் என்று டார்வின் 1868-இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். பிற்கால ஆராய்ச்சியும் பெரும்பாலும் அதையே ஆதரித்தது. ஆனால் கோழியின் மஞ்சள் காலுக்கும் மஞ்சள் தோலுக்கும் காரணமான மரபணு மட்டும் செந்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று, தென்னிந்தியாவின் மலைக்காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று 2008-இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். இத்தாலிய வம்சத்து லெகார்ன் கோழி நாமக்கல் பண்ணையின் கூண்டுக்குள் மஞ்சள் காலை ஊன்றி நிற்கும்போது, அந்தக் காலின் நிறம் நம் பழனிமலையிலும் ஆனைமலையிலும் விடியற்காலையில் குரல் கொடுக்கும் பறவையின் முன்னோர் தந்த சீதனம் என்பதை அதை விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார்.

இனிச் சுபாவத்துக்கு வருகிறேன். சிறுவிடை சாதுவான கோழி, மனிதரை அண்டி நிற்பது; தானியக் கிண்ணத்தின் ஓசை கேட்டு ஓடிவந்து, அடுப்படி வரை நுழைந்து, விரட்டினால் இரண்டடி விலகிப்போய் மறுபடியும் திரும்பி வருவது. இந்தச் சுவாதீனம் எங்கிருந்து வந்தது? ஸ்வீடன் நாட்டு லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் காட்டுக்கோழிகளை வளர்த்து, மனிதரைக் கண்டு அதிகம் அஞ்சாதவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து இனவிருத்தி செய்து பார்த்தார்கள். சில தலைமுறைகளுக்குள்ளாகவே அச்சம் குறைந்ததோடு நில்லாமல், கோழிகளின் எடை கூடிற்று, முட்டையும் பெரிதாயிற்று. பயமின்மையைத் தேடிப் போனவர்களுக்கு மற்றவை தாமாக வந்து சேர்ந்தன. நம் பாட்டிமார்கள் ஆராய்ச்சி என்று பெயரிடாமலே இதைத்தான் செய்துவந்தார்கள். கையில் அகப்படாமல் வேலி தாண்டிப் பறக்கிற பெட்டை முதலில் குழம்புக்குப் போயிற்று. வாசற்படியில் வந்து நிற்கிற பெட்டை அடைக்கு மிஞ்சிற்று. தலைமுறை தலைமுறையாக நடந்த இந்தத் தேர்வின் பயனே இன்று நம் காலைச் சுற்றி வருகிறது.

வம்சம் பாதி, வளர்ப்புப் பாதி. குஞ்சுப் பருவத்தின் முதல் சில நாள்களில் தினந்தோறும் கையிலெடுத்து, உள்ளங்கையில் குருணை வைத்துத் தின்னக் காட்டினால், அந்தப் பழக்கம் ஆயுள் முழுவதும் நிற்கும். 'பா, பா, பா' என்று ஒரே குரலில், ஒரே வேளையில், ஒரே இடத்தில் அழைத்துப் போட வேண்டும். பிடிக்க வேண்டுமானால் பகலில் துரத்தாமல் இருட்டியபின் கூட்டில் அடைந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். பட்டப்பகலில் முற்றமெல்லாம் ஓட்டிப் பிடித்த கோழி பல நாள் வரை அந்த மனிதரை மறப்பதில்லை. கோழிக்குள்ளும் மேல்கீழ் உண்டு. யார் யாரைக் கொத்தலாம், யார் யாரிடம் கொத்துப்பட்டும் சும்மா இருக்க வேண்டும் என்னும் வரிசையை 1921-இல் நார்வே நாட்டுச் செல்டெருப்-எப்பே என்பவர் முறைப்படி எழுதிவைத்தார். புதுக்கோழி ஒன்றைத் திடீரென்று முற்றத்தில் விட்டால் அந்த வரிசை கலைந்து இரண்டு மூன்று நாள் ரகளை நடக்கும். புதிதாக வந்ததைப் பஞ்சாரம் என்னும் கூடைக்குள் கவிழ்த்து, மற்றவை வெளியிலிருந்து பார்த்துப் பழகும்படி வைத்துப் பிறகு திறந்துவிடுவதே நம் பெண்கள் கையாளும் உபாயம்.

இவ்வளவு நல்ல கோழியை ஏன் கைவிட்டோம்? கணக்குப் பார்த்ததனால் கைவிட்டோம். பண்ணை லெகார்ன் ஆண்டுக்கு 300 முட்டைக்குமேல் இடுகிறது. சிறுவிடை ஓர் ஈட்டுக்குப் பத்து முதல் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடு. கூட்டிப் பார்த்தால் முப்பது முதல் அறுபது. அடைகாக்கும் வேட்கையை எழுப்புவது கோழியின் மூளையடியிலுள்ள சுரப்பியிலிருந்து ஊறும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன். அது மிகும்போது முட்டை நின்றுவிடும், உடல் சூடேறும், மார்பின் இறகு உதிர்ந்து தோல் முட்டையில் படும். முட்டைக் கணக்குக்காரருக்கு இது குற்றமாகப்பட்டது. அடைக்கு உட்காராத பெட்டைகளையே தேர்ந்து தேர்ந்து பெருக்கி, லெகார்னிடமிருந்து அந்தக் குணத்தை ஏறக்குறைய அகற்றிவிட்டார்கள். அதன் பலன் யாதெனில், மின்சாரப் பொரிப்பகம் இல்லாவிட்டால் அந்த இனம் ஒரு தலைமுறையோடு முடிந்துபோகும். நம் கிராமத்திலும் அடையைக் கலைக்கக் கோழியைத் தண்ணீரில் முக்குவார்கள், மூக்கில் இறகைச் செருகுவார்கள். இவை அன்றைய அவசரத்துக்குச் செய்தவையே ஒழிய வம்சத்திலிருந்தே அடைக்குணத்தை அறுக்கச் செய்தவை அல்ல. பின்னது படித்தவர்கள் செய்த காரியம்.

அடைக்கோழியை அருகில் அமர்ந்து பார்த்தவர்களுக்கே அதன் பெருமை விளங்கும். மூங்கில் கூடையில் மணலோ சாம்பலோ பரப்பி, மேலே வைக்கோல் சுருட்டிவைத்து, பேன் பற்றாமலிருக்க வேப்பிலை சில போட்டு, பத்துப் பன்னிரண்டு முட்டைகளை இருட்டிய நேரத்தில் அதன்கீழ் வைக்கிறோம். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. அது வேண்டியதில்லை என்று நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், இருந்தாலும் தீங்கில்லை. வெயிற்காலத்தில் மணலில் சிறிது தண்ணீர் தெளிப்பது மட்டும் மெய்யாகவே பயனுள்ளது. அன்று முதல் 21 நாள் அந்தக் கோழி உலகத்தை மறந்துவிடுகிறது. கை நீட்டினால் இறகைச் சிலிர்த்து அடித்தொண்டையில் உறுமும். ஓயாமல் அலகால் முட்டைகளைப் புரட்டி, ஓரத்திலிருப்பதை நடுவுக்கும் நடுவிலிருப்பதை ஓரத்துக்கும் தள்ளும். புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு நாளைக்கு ஒருமுறை தாவி இறங்கி, அவசர அவசரமாக நாலு வாய் தானியம் கொத்தி, தண்ணீர் குடித்து, ஊரைக் கூட்டும் நாற்றத்தோடு ஒரு பெரிய எச்சமிட்டு, புழுதியில் புரண்டு, மறுபடியும் போய் உட்காரும். அந்தக் கால்மணி நேரத்தில் அதன் முன்னே தானியமும் தண்ணீரும் தயாராக இருப்பதுதான் நாம் செய்யவேண்டிய உபசாரம்; தேடி அலைய விட்டால் முட்டை குளிர்ந்துவிடும். ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருக்கொண்டதில் சிலந்திக்கால் போல் இரத்த நாளங்கள் படர்ந்திருக்கும். உள்ளே ஒன்றும் படராமல் தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம்.

பல நாள்களில் இட்ட முட்டைகள் ஒரே நாளில் பொரிவதைச் சிலர் அற்புதம் என்பார்கள். காரணம் எளிது. கோழி உட்காரும் வரை முட்டைக்குள் உயிர் உறங்கிக்கிடக்கிறது; உடற்சூடு ஏறிய பிறகே எல்லாம் ஒருசேரப் புறப்படுகின்றன. பொரிக்குமுன் மஞ்சட்கருவின் மிச்சத்தைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால், முதல் இரண்டு நாள் அதற்கு ஆகாரமில்லாமலே தாங்கும் சக்தி உண்டு. முந்திப் பிறந்தது பிந்திப் பிறப்பதற்காகத் தாயின் இறகுக்குள் காத்திருக்க இயற்கை தந்த அவகாசம் அது. அதே அவகாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் இன்று அட்டைப்பெட்டியில் குஞ்சுகளை அடைத்து ரயிலேற்றுகிறார்கள்.

நான் சொல்லவந்த விஷயத்துக்கு இப்பொழுதுதான் வருகிறேன். சிறுவிடையின் குறை முட்டையில் இல்லை. பொரித்த குஞ்சு முற்றத்தில் நிலைப்பதில் இருக்கிறது. ஒரு பெட்டை ஆண்டுக்கு மூன்று ஈடு பொரித்து, ஈட்டுக்குப் பத்துக் குஞ்சு இறக்கி, மூன்று மட்டும் பிழைத்தால் ஒன்பது. ஏழு பிழைத்தால் இருபத்தொன்று. கோழி அதே கோழி, தீனி அதே தீனி. இதற்கு இனத்தை மாற்ற வேண்டியதில்லை; முதல் முப்பது நாள் வளர்ப்பை மாற்றினால் போதும். இந்தச் சிறு கணக்கை விட்டுவிட்டு, ஆண்டுக்கு எத்தனை முட்டை என்னும் பெரிய கணக்கையே பிடித்துக்கொண்டதால், நல்ல தாயை விரட்டிவிட்டுத் தாய்மை தெரியாத கோழியை விலைக்கு வாங்கினோம்.

அந்த முப்பது நாளில் முதல் சத்துரு மேலிருந்து வருகிறது. பருந்தைக் கண்டால் ஒரு குரலும், தரையில் வரும் கீரியையோ நாயையோ கண்டால் வேறொரு குரலும் கோழியினத்துக்கு உண்டு. முன்னதைக் கேட்ட குஞ்சுகள் ஓடிப் பதுங்கும், பின்னதைக் கேட்டால் தலை நிமிர்ந்து பார்க்கும். ஆனால் பதுங்க இடம் வேண்டுமே! சிமெண்டு பூசி, செடி கொடிகளை வெட்டி, வெறுமையாக்கிய முற்றத்தில் எந்தக் குரலும் பயன்படாது. ஒரு முருங்கையும், அதனடியில் நாலு கழியைச் சாய்த்துக் கட்டிய அவரைப்பந்தலும் இருந்தால் போதும். காக்கைக்கும் பருந்துக்கும் முதல் இரண்டு வாரம் பகலில் தாயையும் பிள்ளைகளையும் பெரிய பஞ்சாரத்தில் கவிழ்ப்பதே உத்தமம். பஞ்சாரத்தின் வாயைச் சற்றுத் தூக்கிவைத்தால் குஞ்சுகள் வெளியே போய்த் திரும்பும், தாய் உள்ளிருந்து அழைக்கும்.

ஆகாரத்தில் நம் பழைய முறைக்கு ஈடாக நான் ஒன்றையும் காணவில்லை. பழைய மண்பானையில் காய்ந்த சாணத்தையும் கிழிந்த சாக்குத் துண்டையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாட்டமுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்துவிட்டு வருவார்கள். காலையில் பானையைத் தூக்கினால் உள்ளே வெள்ளை வெளேரென்று கறையான் அப்பியிருக்கும். முற்றத்தில் தட்டிக் கொட்டியதும் தாய் ஒன்றைக் கொத்தி எடுத்து, தான் தின்னாமல் கீழே போட்டு, மறுபடியும் எடுத்துக் காட்டிப் போட்டு, 'கொக் கொக்' என்று அழைக்கும். எதைத் தின்னலாம் என்பதை அப்படித்தான் குஞ்சுகள் கற்கின்றன. பொரிப்பகத்துக் குஞ்சுக்கு இந்தப் பாடசாலை கிடையாது. கம்பு, சோளக் குருணை, கேழ்வரகு ஆகியவை பிறகு போதும். கடலைப் பிண்ணாக்கு நல்லதே, ஆனால் பூஞ்சை பிடித்தது விஷம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டதற்கு, பிரேசிலிலிருந்து இறக்குமதியான கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையே காரணமென்று பிறகு தெரிந்தது.

வியாதியில் ஒன்றைத்தான் விரித்துச் சொல்வேன்: வெள்ளைக்கழிச்சல். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டு, அடுத்த ஆண்டிலேயே குமாவுன் மலையிலுள்ள ராணிக்கேத்தில் தோன்றியதால் இந்தியாவில் ராணிக்கேத் நோய் என்று பெயர் பெற்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாய் திறந்து மூச்சு வாங்கி, கழுத்து முறுக்கி, ஒரு வாரத்தில் முற்றமே காலியாகிவிடும். வந்தபின் மருந்தில்லை, வருமுன் காப்பு உண்டு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஓர் ஊசி. கால்நடைத் துறையார் ஆண்டுதோறும் பிப்ரவரியையொட்டி இரண்டு வாரம் முகாம் நடத்துகிறார்கள். ஓடுகிற கோழியைப் பிடித்து ஊசி போடுவதிலுள்ள பிரயாசையை உணர்ந்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் தானியத்தைப் போல் கொத்தித் தின்னும்படியான குருணை வடிவிலேயே தடுப்பு மருந்தைச் செய்திருக்கிறார்கள். இத்தனை வசதியிருந்தும், 'நாட்டுக்கோழிக்கு நோய் வராது' என்று வீராப்புப் பேசுகிறவர்களை நான் சந்தித்துக்கொண்டேயிருக்கிறேன். நாட்டுக்கோழி வெயிலைத் தாங்கும், அலைச்சலைத் தாங்கும், அரைவயிற்றைத் தாங்கும், வெள்ளைக்கழிச்சலைத் தாங்காது.

அடைகாத்தலைப் பற்றி இன்னும் ஒன்று. கொங்குப் பக்கத்தில் ஓர் அம்மையார், வயது அறுபதுக்குமேல், எழுதப் படிக்கத் தெரியாதவர். பொரிப்புப் பெட்டி ஒன்று வாங்கலாமே என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பொட்டி எதுக்குங்க? மூணு கோழிய ஒரே நாள்ல அடை வெப்பனுங்க. பொரிச்ச அன்னைக்கு ராத்திரி அத்தனை குஞ்சையும் ஒருத்தியோட றெக்கைக்குள்ள சேத்து உட்டுருவேன். மத்த ரெண்டும் நாலஞ்சு நாள் கத்தும், அப்பறம் பத்து இருவது நாள்ல மறுபடியும் முட்டைக்கு வந்துருமுங்க" என்றார். பெட்டையின் ஓய்வைச் சுருக்கி, குஞ்சையும் தாயில்லாமல் விடாத இந்த உபாயத்தில் அடைக்குணமும் அழியவில்லை, முட்டையும் நிற்கவில்லை. இப்படி அவர் சேர்த்த காசு சந்தையில் எண்ணெய்க்கும் பேரனின் நோட்டுப்புத்தகத்துக்கும் போய், மிஞ்சியது சிறுவாடாக அரிசிப்பானைக்குள் தங்கிற்று. ஆண்கள் அதைக் கணக்குக் கேட்டதில்லை.

கடைசியாக, கலப்பைப் பற்றி. பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகத்தின் கிரிராஜா, ஹைதராபாத்தில் உருவாக்கிய வனராஜா, சென்னையின் நந்தனம் கோழி ஆகியவை புழக்கடைக்கென்றே ஆக்கப்பட்டவை. முட்டையும் எடையும் அதிகம் தருபவை. அவற்றை நான் நிந்திக்கவில்லை. முட்டை மட்டும் வேண்டுவோர் தாராளமாக வாங்கலாம். ஆனால் அவற்றின் சேவலைச் சிறுவிடைக் கூட்டத்தில் விட்டால், முதல் தலைமுறையின் பருமனைக் கண்டு சந்தோஷப்படுவோம். அடுத்தடுத்த தலைமுறைகளில் அடைக்கு ஒழுங்காக உட்காராத பெட்டைகள் தோன்றும்போது, பழைய பெட்டை ஊரிலேயே இராது. சந்தையில் 'நாட்டுக்கோழி' என்று விற்பதில் பெரும்பகுதி இப்பொழுது இக்கலப்பே. ஆகையால் சிறுவிடைக்குஞ்சு வேண்டுவோர் குஞ்சாக வாங்காமல், ஈடு வைத்துப் பொரித்துக் குஞ்சோடு மேய்கிற தாயைப் பார்த்து, அதன் முட்டையைக் கேட்டு வாங்க வேண்டும். அல்லது ஒரு பெட்டையைப் பங்குக்கு வாங்கி வளர்த்து, பிறக்கும் குஞ்சில் பாதியை உடையவருக்குத் திருப்பித் தரும் பழைய வழக்கத்தை மேற்கொள்ளலாம். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். ஒரே சேவலை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் மகள்களோடும் பேத்திகளோடும் சேர்ந்து வம்சம் மெலியும். கருக்கூடாத முட்டை பெருகும். இரண்டு ஆண்டுக்கொருமுறை, நாலு ஊர் தள்ளி, இதேபோல் சிறுவிடை வளர்க்கிற ஒருவரோடு சேவலைச் சேவலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். காசு கொடுக்கவோ வாங்கவோ வேண்டாம். கொண்டுவந்த சேவலைப் பத்துநாளாவது தனிக்கூட்டில் வைத்து, கழிச்சலோ சளியோ இல்லையென்று கண்டபிறகு, மாலை வேளையில் திறந்துவிடுங்கள்.